கணினிப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தல்: தமிழ்வழி மாணவருக்கான வழிகாட்டி

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர்கள் தமக்கு எது வரும் என்று பாராமல் பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த கணினிப் பயிற்சியிலேயே சேர்வதும், பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்காகப் புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. பட்டப்படிப்பும் பாலிடெக்னிக்கும் எல்லாரும் அறிந்தவையாதலால், அவற்றுக்குப் புறம்பான வழிகளே இங்கு ஒப்பிடப்படுகின்றன.

அரசுத் தட்டச்சர் பணியை நாடுவோருக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ‘சி.ஓ.ஏ.’ எனப்படும் அலுவலகக் கணினிச் சான்றிதழ் பொருத்தமானது. மென்பொருளைச் செய்துபார்த்துக் கற்க விரும்புவோருக்கு மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ ஏற்றது. கட்டணமற்ற இச்சிறு காணொளிகளில் திரை ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருப்பதால், பாதித் திரையில் காணொளியையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்து, நிறுத்தி நிறுத்திப் பழகும் மாணவருக்கு ஆங்கிலக் கட்டளைச் சொற்களும் தாமாகவே கைவந்துவிடும். தானே படித்து முன்னேறக்கூடியவருக்குக் கணியம் என்னும் இணையதளம் இலவசமாக வெளியிடும் எளிய தமிழ்க் கணினி நூல்கள் போதும்.

மிகையாகப் போற்றப்படுவது, ‘ஃபுல் ஸ்டாக்’ என்னும் பெயரில், அதாவது இணையதளத்தின் முகப்பு முதல் தரவுத்தளம் வரை எல்லாவற்றையும் சில மாதங்களில் ஆங்கிலத்திலேயே கற்பித்து வேலையும் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் பயிற்சியாகும். அங்கே பைத்தான் நிரலில் வரித் தொடக்க இடைவெளி பிசகினால் திரையில் ‘இன்டென்டேஷன் எரர்’ என்று வரும். அதன் காரணம் தமிழில் விளங்கிய மாணவர் பிழையான வரியை மட்டும் திருத்துவார், விளங்காதவரோ நிரல் முழுவதையும் அழித்துவிட்டு அடுத்தவருடையதைப் பார்த்து எழுதுவார். இவ்வாறு காப்பியடித்தே பாடத்தை முடித்தவர், நேர்முகத் தேர்வில் கணக்கைச் சற்று மாற்றிக் கேட்டாலே திகைத்து நின்றுவிடுகிறார். ஆகவே பணம் கட்டுமுன் ஒரு மாதிரி வகுப்பில் அமர்ந்து, ஐயத்தைத் தமிழில் கேட்டால் தமிழில் விடை வருகிறதா என்று பார்ப்பதும், வேலை வாக்குறுதியை எழுத்தில் கேட்பதும் இன்றியமையாதவை.

எவ்வழியில் செல்வோரும் முதலில் பழக வேண்டியது, தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையே. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்த அதில் அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளி தானே விழுந்து ‘அம்மா’ என வரும். ஃபுல் ஸ்டாக் பெருமைக்கு முன் இது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பிழையின்றித் தமிழில் தட்டச்சு செய்து விரிதாளில் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு உள்ளூர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் என்றும் மதிப்புண்டு.

நாட்டம் எதிலென்று அறியாமல் சேர்வது பணத்துக்கும் காலத்துக்கும் கேடு. அறிந்து சேர்ந்தாலும் முதல் சில மாதங்கள் விரல்கள் தடுமாறவே செய்யும். அதைப் பொறுத்துக்கொண்டு நாள்தோறும் சிறிதேனும் தாமே செய்துபார்ப்பவருக்கே கணினி வசப்படும். அந்தப் பொறுமையை எந்தச் சான்றிதழும் தந்துவிடாது.