மனசுவிட்டுப் பேசுவோம், துணையாக நிற்போம்



சுகாதாரம் என்றால் கொதித்தாறிய தண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி என்றுதான் நாம் நினைக்கிறோம். அவை எல்லாம் முக்கியம்தான். அவற்றோடு இன்னொன்றும் சேரவேண்டும். அதுதான் அக்கம்பக்கத்துத் துணை. இரண்டு நாடுகளின் அனுபவத்தை வைத்து அதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. பாட்டிமாரும் மர வாங்கும்

ஆபிரிக்காவில் சிம்பாப்வே என்றொரு நாடு. அங்கே மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் 2005இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு வர வீட்டில் பஸ் காசு இல்லை என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நோயாளி வைத்தியரிடம் வரமுடியாவிட்டால், உதவிதான் நோயாளி இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

2006இல் ஹராரே நகரத்தில், ஏழை மக்கள் வாழும் ம்பாரே என்ற பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். தனி அறை கிடைக்கவில்லை. ஆகவே கிளினிக்குக்கு வெளியே ஒரு மர வாங்கைப் போட்டார்கள். மனக்கவலை உள்ளவர்கள் அதில் வந்து உட்கார்ந்து பாட்டியிடம் பேசினார்கள்.

அந்த ஊரில் இந்த வருத்தத்தைக் ‘குபுங்கிசிசா’ என்பார்கள். யோசனை கூடிப்போவது என்று அர்த்தம். நாமும் "அந்தப் புள்ளைக்கு யோசனை கூடிப்போச்சு" என்றுதானே சொல்கிறோம்?

பாட்டி முதலில் எல்லாவற்றையும் கேட்பார். பிறகு பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார். அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரே யோசித்துச் சொல்லவேண்டும். அடுத்த முறை வரும்போது "என்ன ஆச்சு?" என்று கேட்பார். இப்படி ஆறு தடவை. பின்பு அதே கஷ்டத்தைக் கடந்து வந்தவர்களின் குழுவில் சேர்த்துவிடுவார்கள். அங்கே கூடிப் பேசிக்கொண்டே கைப்பைகள் பின்னுவார்கள்.

இது பலன் தந்ததா என்று 573 பேரை வைத்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு சுமார் 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வாங்கில் உட்கார்ந்து பேசியவர்களில் 100க்கு சுமார் 14 பேருக்கே இருந்தன.

2. நேபாளத்துத் தாய்மார்

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டமும் நம்மைப்போல் மலைப்பிரதேசம்தான். அங்கே தாய்மார் மாதம் ஒருமுறை கூடினார்கள். கூட்டத்தை நடத்தியது உள்ளூர்ப் பெண்தான். பிள்ளைப்பேற்றில் வரும் ஆபத்துகள் என்ன, நம்மால் என்ன செய்யலாம் என்று பேசினார்கள். அவசரச் செலவுக்கு நிதி சேர்த்தார்கள். கர்ப்பிணியைத் தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தார்கள். 2004இல் வெளிவந்த ஆய்வின்படி, பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த சிசுக்கள், குழு இல்லாத இடங்களில் 1000க்கு 37. குழு இருந்த இடங்களில் 26.

3. இது எப்படி நடக்கிறது?

தனியாகக் கிடப்பவர் "நமக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைக்கிறார். வெட்கப்பட்டு மறைக்கிறார், கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறார். "எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு, மருந்து எடுத்துச் சுகமாச்சு" என்று பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னால் தைரியம் வருகிறது. காசநோய்க்கு ஆறு மாதமாவது மருந்து எடுக்கவேண்டும். கொஞ்சம் சுகம் கண்டதும் நிறுத்துகிறவர் உண்டு. "இன்னைக்கு மருந்து போட்டாச்சா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் அவர் விடமாட்டார்.

4. நாம் என்ன செய்யலாம்?

செத்த வீடு என்றால் லயமே திரண்டு வருகிறது. சீட்டுப் போடவும், திருவிழா நடத்தவும் நமக்குத் தெரியும். அந்த ஒற்றுமையை நோய்க்கும் மனவேதனைக்கும் கொண்டுவருவோம்.

• லயத்துக்கு இரண்டு பேரை, ரகசியம் காப்பவர்களாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். வயதான அம்மாமார் மிகவும் பொருத்தம்.
• பிள்ளை பெற்ற தாய், துணையை இழந்தவர், குடியை விட முயல்பவர், தனியாக வாழும் முதியவர் ஆகியோரை வாரம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.
• அதிகம் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள். "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று சொல்லாதீர்கள்.
• கேட்டதைப் பீலிக்கரையிலும் மலையிலும் பேசாதீர்கள். ஒருமுறை வெளியே போனால், பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

5. எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

கவலை, தூக்கமின்மை, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குடும்பநல மாதுவிடமோ ஆஸ்பத்திரியிலோ காட்டவேண்டும். "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்கவேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, புல் எண்ணெய் முதலியவற்றை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். அக்கம்பக்கத்துத் துணை வைத்தியத்துக்குப் பதிலாகாது. வைத்தியம் வரைக்கும் கூட்டிப்போகும் கை அது.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நம் லயத்தில் யார் வீட்டுக்கதவு பல நாளாகச் சாத்தியே கிடக்கிறது?
2. அவரிடம் முதலில் யார் போவது? என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்?
3. இரவில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனமும் காசும் எங்கிருந்து வரும்? இப்போதே பேசி வைப்போமா?