நெக்கம்மம் என்னும் சொல்

பாரமிகள் பத்தனுள் தானம், சீலம் ஆகிய இரண்டிற்கும் அடுத்து நிற்பது நெக்கம்மம். இப்பாலிச் சொல்லை நம்மவர் "துறவு" என்று பெயர்த்துக்கொண்டு, "அது பிக்குகளுக்கு உரியது; குடும்பஸ்தருக்கு அன்று" என ஒதுக்கிவிடுகின்றனர். இது பிழை.

வெளியேறுதல் என்பது இச்சொல்லின் ஒரு பொருள். மனை நீங்கிச் செல்வதை அது குறிக்கும். ஆயினும், பாலி நூல்களில் காமத்திற்கு எதிர்ச்சொல்லாகவும் இது வழங்கக் காண்கிறோம். (காமம் என்பது ஆண் பெண் இச்சை மட்டுமன்று; ஐம்புலனும் நாடும் இன்பம் அனைத்துமாம்.) அட்டாங்க மார்க்கத்தின் நற்சங்கற்பம் மூன்றனுள் முதலாவது நெக்கம்மம், மற்றவை வெகுளாமையும் இன்னா செய்யாமையும். அம்மார்க்கம் இல்லறத்தார்க்கும் உரியதன்றோ?

பௌர்ணமி ஒன்றில், நண்பகலுக்குப்பின் உண்ணாதிருக்கும் உபோசத சீலத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். மூதாட்டி ஒருவர் எழுந்து, "ஐயா, அரிசி இல்லாமல் எத்தனையோ ராத்திரி பட்டினி கிடந்திருக்கேன். அதெல்லாம் இந்தக் கணக்கிலே சேருமா?" என்றார்.

உடனே விடை கூற இயலவில்லை. மில் மூடிக் கிடந்த மாதங்களில் தண்ணீர் குடித்துப் படுத்தவர் நாமும். அப்போது, "பொறுத்திரு, இதுவும் ஒரு தவம்" என்று வயிறு நிறைந்த ஒருவர் உபதேசித்தார். அச்சொல் இன்னும் நெஞ்சில் எரிகிறது.

சேராது அம்மா என்றோம். பிறர் பறித்துக்கொண்டதை நாம் விட்டதாக எழுதலாகாது. அங்ஙனம் எழுதினால் பறித்தவனுக்கன்றோ புண்ணியம் போகும்! உடலை வருத்துவதே மேன்மை என்பதும் தம்மம் அன்று. பகவான் உருவேலாவில் எலும்பும் தோலுமாக வற்றும்வரை அதனைச் சோதித்துப் பார்த்தவர். பின்னர் இசிபதனத்து முதல் உபதேசத்திலேயே, இன்பத்தில் மூழ்குதலையும் தன்னை வதைத்தலையும் தள்ளவேண்டிய இரு கோடிகள் என்றார்.

கைக்கு எட்டுவதை, அதன் கேட்டினை அறிந்து, தானே விடுவதுதான் நெக்கம்மம். சம்பள நாளில் மில் வாசலுக்கும் நம் வீட்டிற்கும் இடையே ஒரு சாராயக்கடை இருந்தது. சட்டைப்பையில் பணத்தோடு அதனைத் திரும்பிப் பாராமல் கடந்து செல்ல நமக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பசித்த இரவுகளை அன்று. அந்த நடையையே நாம் நெக்கம்மத்தில் சேர்ப்போம்.

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சுருக்குப்பையை அவிழ்த்துப் புகையிலையை எடுத்துக் காட்டி, "இது என் காசிலே வாங்கினது. இதை விட்டால்?" என்றார்.

அது சேரும் என்றோம்.