கப்பலில் காசு கொடுத்துச் சாப்பிடலாமா?

சொகுசுக் கப்பலில் டிக்கெட் எடுத்தவருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. காலையிலும் மதியத்திலும் பெரும்பாலோர் பஃபேக்குப் போகிறார்கள். இரவில் மெயின் டைனிங் எனப்படும் பெரிய உணவுக்கூடத்தில் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். இவை போக, அதே கப்பலில் தனிக் காசு வாங்கும் உணவகங்களும் உண்டு: ஸ்டீக் கடை, இத்தாலிய உணவகம், சுஷிக் கடை, கண்ணெதிரே சமைத்துத் தரும் தெப்பன்யாக்கி. இவற்றுக்கு 'ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்' என்று பொதுப்பெயர். ஏற்கெனவே காசு கட்டிவிட்ட சாப்பாட்டை விட்டுவிட்டு வேறொரு சாப்பாட்டுக்குக் காசு கட்டுவதால், ஊரில் ஹோட்டலுக்குப் போகும் கணக்கு இங்கே செல்லாது. ஊரில் ஐம்பது டாலர் சாப்பாடு ஐம்பது டாலர் பெறுமா என்று பார்த்தால் போதும். கப்பலில், டிக்கெட்டோடு வரும் சாப்பாட்டைவிட அது ஐம்பது டாலர் அளவுக்கு மேலானதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இந்த ஏற்பாடு நூறு ஆண்டுக்கு மேல் பழையது. 1905-இல் ஹாம்பர்க்-அமெரிக்கா என்ற ஜெர்மன் நிறுவனம் தன் 'அமெரிக்கா' கப்பலில் ரிட்ஸ் பெயரில் தனிக்கட்டண உணவகம் ஒன்றைத் திறந்தது. 1912-இல் டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் அதைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தினார். பனிப்பாறையில் மோதிய அன்று மாலை கேப்டன் ஸ்மித் விருந்துண்டது அங்கேதான். அன்றைய நடைமுறையில் ஒரு நியாயம் இருந்தது. பயணம் முழுவதும் அந்த உணவகத்திலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று முன்பே சொன்ன முதல் வகுப்புப் பயணிக்கு டிக்கெட் விலையில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். இன்றைய பெரிய நிறுவனங்களிடம் இந்தக் கழிவு கிடையாது. மெயின் டைனிங்கில் காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கும் சேர்த்தே பயணி பணம் கட்டுகிறார்.

காரணம் வியாபாரக் கணக்கில் இருக்கிறது. கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களுக்கும் 2023-இல் வந்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் விற்று வந்ததல்ல; மது, சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, இணையம், தனிக்கட்டண உணவகம் போன்ற உபரிச் செலவுகளில் வந்தது. டிக்கெட் விலையைக் கண்ணுக்குக் குறைவாக வைத்து, ஏறியபின் செலவழிக்க வைப்பதுதான் ஏற்பாடு. கப்பலில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே லிஃப்ட் வாசலில் மெனு அட்டையோடு புன்னகை முகங்கள் நிற்பது அதனால்தான்.

இந்த உணவகங்கள் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. வேறுபாடு உண்மையானது, அது சமையல் முறையில் இருக்கிறது. ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் போன்ற கப்பலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஏறுகிறார்கள். மெயின் டைனிங்கில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான தட்டுகள் இரண்டு சுற்றாக வெளியே போக வேண்டும். அது கல்யாணப் பந்திச் சமையல்: மொத்தமாகச் செய்து, சூடு ஆறாமல் காத்து, வரிசையாக அனுப்புவது. பந்தியில் சாம்பாரும் கூட்டும் நன்றாக அமையலாம், கல்லிலிருந்து எடுத்த முறுகல் தோசை அமையாது. அதேபோல மெயின் டைனிங்கில் சூப், பாஸ்தா, குழம்பாக வேகவைத்த இறைச்சி, ரொட்டி எல்லாம் தரமாகவே வரும். கேட்ட பதத்தில் சுட்ட ஸ்டீக், அப்போதே வாட்டிய மீன், நிமிடக் கணக்கில் பரிமாற வேண்டிய சுஃப்லே ஆகியவற்றில்தான் சறுக்கும். ஸ்பெஷாலிட்டி உணவகம் சிறியது. ஆர்டர் வந்தபின் அடுப்பில் ஏற்றுகிறார்கள், இறைச்சியின் தரமும் ஒரு படி மேலே இருக்கும், பரிமாறுபவருக்குக் கவனிக்க வேண்டிய மேசைகளும் குறைவு. ஆகவே உடனுக்குடன் செய்தால்தான் ருசிக்கும் பண்டத்துக்குக் காசு கொடுக்கலாம். பாஸ்தாவும் பீட்சாவும் சாப்பிடக் கொடுப்பது பெரும்பாலும் வீண். அவை கப்பலில் வேறு இடத்தில் சும்மா கிடைக்கின்றன.

அட்டையில் போட்டிருக்கும் விலை கடைசி விலை அல்ல. ராயல் கரீபியனில் ஸ்பெஷாலிட்டி உணவுக்கு 18 விழுக்காடு சேவைக்கட்டணம் தானாகச் சேரும்; நார்வீஜியன் நிறுவனத்தில் 20. ஐம்பது டாலர் என்று போட்டிருந்தால் 18 விழுக்காட்டோடு 59. தம்பதிக்கு 118 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலும் 10,030 ரூபாய். இந்திய வங்கி அட்டையில் கட்டினால் அந்நியச் செலாவணி மாற்றுக்கட்டணம் தனி. குளிர்பானமும் மதுவும் இதில் சேராது. சில கடைகளில் உயர்ரக இறைச்சிக்கும் முழு சிங்கி இறாலுக்கும் மேலும் ஒரு கட்டணம் உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் கடை ஒரு வகை, பண்டத்துக்குப் பண்டம் விலை போடும் கடை இன்னொரு வகை. கொஞ்சமாகச் சாப்பிடுபவருக்கு இரண்டாவது வகை லாபம். சுஷிக் கடையில் இரண்டு தட்டு வாங்கி எழுந்துவிடலாம். ஸ்டீக் கடையில் சூப்போடு நிறுத்திக்கொண்டாலும் முழுக்காசுதான்.

பயணம் எத்தனை இரவு என்பது ருசியைவிடப் பெரிய கேள்வி. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் மூன்று, நான்கு இரவுப் பயணத்தில் மெயின் டைனிங் மெனு தினமும் மாறும். அலுப்பதற்குள் இறங்கும் நாள் வந்துவிடும். இத்தகைய குறும்பயணத்தில் ஓர் இரவைக் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளக் காரணம் தேடினால் பிறந்தநாளோ திருமணநாளோதான் கிடைக்கும். ஏழு இரவுப் பயணத்தில் ஒரு முறை போகலாம். பத்து, பதினான்கு இரவு என்று நீளும்போது கதை வேறு. அதே கூடம், அதே இரைச்சல், அதே ரொட்டிக்கூடை என்று ஒருவித சலிப்பு ஒன்பதாம் நாள் வாக்கில் தட்டும். அப்போது அமைதியான சிறு அறையில் கழியும் ஒரு மாலைக்குக் கொடுக்கும் பணம் உறுத்தாது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஸ்டீக் கடையில் அசைவருக்கும் சைவருக்கும் ஒரே கட்டணம். அசைவர் தட்டில் விலை உயர்ந்த இறைச்சி, சைவர் தட்டில் வாட்டிய காளானும் மசித்த உருளைக்கிழங்கும். தெப்பன்யாக்கியில் இறாலுக்குப் பதில் டோஃபு வரும், விலை மாறாது. ஆனால் காசு வாங்காத மெயின் டைனிங்கில் சைவருக்கு நல்ல வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இந்தியச் சைவ உணவை முன்கூட்டிக் கேட்டால் செய்து தருவார்கள். பல கப்பல்களின் சமையலறையில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள் என்பதும் உதவுகிறது. முதல் இரவே ஹெட் வெய்ட்டரைப் பார்த்து, நாளை இன்ன மாதிரி வேண்டும் என்று சொல்லிவைத்தால் பருப்பும் சப்பாத்தியும் காய்கறிக் கறியும் மேசைக்கு வரும். வெங்காயம், பூண்டு கூடாது என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஏறிய பிறகு சொன்னால் முதல் நாள் பழமும் ரொட்டியும்தான். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெந்திங் டிரீம், இந்தியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கார்டீலியா கப்பல் போன்றவை இந்தியப் பயணிகளை எதிர்பார்த்தே நடப்பதால், அவற்றில் சைவச் சாப்பாட்டுக்கென்று தனிக்காசு கொடுக்கும் தேவை இன்னும் குறைவு. சைவக் குடும்பம் ஒன்று கப்பலில் ஸ்டீக் கடைக்கு முன்பதிவு செய்கிறது என்றால், அது ஜன்னல் ஓர மேசைக்கும் வெள்ளை விரிப்புக்கும் கொடுக்கும் காசு. அதைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் தப்பில்லை.

மது அருந்தாதவர்கள் 'செஃப்ஸ் டேபிள்' விருந்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒரே நீள மேசை, பல கட்டச் சாப்பாடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வைன் என்று வரும் இந்த விருந்துதான் பல கப்பல்களில் மிக விலை உயர்ந்தது. விலையில் வைனுக்கு நல்ல பங்கு உண்டு. குடிக்காதவருக்குப் பழச்சாறு ஊற்றுவார்கள், கட்டணத்தைக் குறைக்க மாட்டார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பல நிறுவனங்களில் சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம். பாதகமும் உண்டு: ஸ்பெஷாலிட்டி உணவகத்தில் ஒரு இரவுச் சாப்பாடு சாதாரணமாக இரண்டு மணி நேரம் இழுக்கும். தெப்பன்யாக்கியில் கரண்டி பறக்கும், தீ எழும்பும், பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற இடங்களில் இரண்டாவது தட்டு வருவதற்குள் தூங்கி விழுவார்கள். டிஸ்னி கப்பல்களின் பாலோ, ரெமி ஆகிய தனிக்கட்டண உணவகங்கள் பெரியவர்களுக்கு மட்டுமே. அங்கே பிள்ளைகளைக் குழந்தைகள் மன்றத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெற்றோரில் பலருக்கு அதுவே பெரிய லாபமாகப் படுகிறது.

நாளையும் வேளையையும் சரியாகத் தேர்ந்தால் அதே சாப்பாடு மலிவாகக் கிடைக்கும். கப்பல் எந்தத் துறையிலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில் சில ஸ்பெஷாலிட்டி உணவகங்கள் மதியமும் திறக்கின்றன. இரவு மெனுவில் பாதிக்கு மேல் அங்கேயும் இருக்கும், விலை கணிசமாகக் குறையும், மாலைக் காட்சியும் கெடாது. இந்த மதியச் சாப்பாட்டைத்தான் முதலில் சிபாரிசு செய்ய வேண்டும், ஆனால் விளம்பரங்களில் அது கடைசியில் வருகிறது. இரவுதான் வேண்டும் என்றால் முதல் இரவு நல்லது. பயணிகள் பெட்டியைத் தேடிக்கொண்டும் வழியைப் பழகிக்கொண்டும் இருப்பதால் மேசைகள் காலியாக இருக்கும், சில கப்பல்களில் அன்று சலுகையும் தருவார்கள். தவிர்க்க வேண்டியது 'ஃபார்மல் நைட்' எனப்படும் கோட்டு-சூட்டு இரவு. பல கப்பல்களில் மெயின் டைனிங்கில் சிங்கி இறால் போன்ற உயர்ந்த பண்டங்கள் அன்றுதான் வரும். காசில்லாமல் கிடைக்கும் நல்ல சாப்பாட்டை விட்டுவிட்டு அன்றைக்கே வெளியே காசு கொடுப்பானேன்? நாள் முழுக்கக் கரையில் அலைந்து திரும்பிய மாலையும் உகந்ததல்ல. கால் வலியோடு மூன்றாம் கட்டத் தட்டுக்குக் காத்திருப்பது சுகமாக இருக்காது.

மூன்று இரவு, ஐந்து இரவு, அளவில்லாதது என்று விற்கும் டைனிங் பேக்கேஜ்கள் ஒரு தட்டுக் கணக்கில் மலிவாகத் தெரியும். அளவில்லாத பேக்கேஜை வாங்கியவர் போட்ட காசை எடுக்க ஏறத்தாழ ஒவ்வொரு இரவும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கனத்த சாப்பாடு சாப்பிட வேண்டும். நான்காம் நாள் ஸ்டீக் என்ற சொல்லே கசக்கும். செஃப்ஸ் டேபிள் போன்றவை பேக்கேஜில் சேராது. சுஷிக் கடையில் ஒரு வரம்புத் தொகைவரைதான் என்பதுபோன்ற நிபந்தனைகளும் உண்டு. மேசையை ஏறிய பிறகே பிடிக்க வேண்டிய நிலை வந்தால் நல்ல நேரங்களைப் பிறர் எடுத்திருப்பார்கள். ஆகவே பேக்கேஜ் வாங்கியவர் பெட்டியை அறையில் வைப்பதற்கு முன்பே அந்த உணவகங்களில் ஒன்றுக்குப் போய் எல்லா இரவுக்கும் நேரம் குறித்துக்கொள்வது நல்லது. எப்படியும் மூன்று முறை போவதென்று முடிவு செய்தவருக்கு மூன்று இரவுப் பேக்கேஜ் சரி. அதற்கு மேல் வாங்குவது ஆசைக்கு வாங்குவது.

எல்லாச் சிறிய உணவகமும் காசு வாங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கார்னிவல் கப்பல்களில் கைஸ் பர்கர் கடை இலவசம். ராயல் கரீபியனில் சோரென்டோஸ் பீட்சாவும் இலவசம். வர்ஜின் வாயேஜஸ் நிறுவனம் மெயின் டைனிங்கையே வைக்காமல், பல உணவகங்களை டிக்கெட்டிலேயே அடக்கிவிட்டது. ஓஷியானியாவின் ரெட் ஜிஞ்சர், டொஸ்கானா போன்றவற்றுக்கும் தனிக்கட்டணம் இல்லை. டிக்கெட் விலைதான் அதற்கேற்ப உயர்ந்திருக்கும். உணவுக்காகவே கப்பல் ஏறுகிறவர், மலிவான டிக்கெட்டோடு நான்கைந்து ஸ்பெஷாலிட்டி இரவுகளையும் சேவைக்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, அத்தகைய கப்பலின் விலையோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

காசு கொடுப்பது என்று தீர்மானித்தபின் எப்போது பதிவு செய்வது என்பது மிச்சம். பெரிய நிறுவனங்களில் இந்த விலைகள் நாளுக்கு நாள் ஏறி இறங்குகின்றன. கிளம்புவதற்கு முன் நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் கப்பலில் கேட்கும் விலையைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். அதன்பின் விலை இறங்கினால், ரத்து செய்ய அனுமதி உள்ள நாள்வரை பழைய பதிவைக் கைவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஏறிய பிறகு ரத்து செய்யக் கெடு சுருங்கிவிடும். சொல்லாமல் வராமல் போனால் அபராதம் அறைக் கணக்கில் ஏறும். சாப்பாடு சரியில்லை என்றால் அதே மேசையில் இருந்தபடி மேலாளரை அழைத்துச் சொல்ல வேண்டும். அப்போது தட்டை மாற்றித் தருவார்கள், சில வேளை கட்டணத்தையும் நீக்குவார்கள். இறங்கும் நாள் காலை வரவேற்பு மேசையின் நீண்ட வரிசையில் நின்று சொன்னால் அனுதாபம் மட்டுமே கிடைக்கும். பேக்கேஜில் சேர்ந்த சாப்பாட்டுக்கு மறுபடியும் காசு எழுதப்பட்டிருப்பதும் நடக்கக்கூடியது என்பதால், அறைக் கணக்கைத் தொலைக்காட்சியிலோ கைபேசிச் செயலியிலோ கடைசி நாளுக்கு முன்தினமே பார்த்துவிட வேண்டும்.