லீன்ல சாரி போட்டா என்ன ஆகும்?

எக்ஸாம்ல ஒரு டெரிவேஷன் நடுவுல ஒரு ஸ்டெப் வரலைன்னா என்ன பண்ணுவீங்க? ரெண்டு வரி இடம் விட்டுட்டு "ஆகவே"ன்னு அடுத்த வரிக்குத் தாவிடுவோம். திருத்துறவர் கவனிக்கலைன்னா தப்பிச்சோம்.

லீன் என்ற தியரம் ப்ரூவர் அப்படி விடாது. ஒவ்வொரு அடியையும் சரிபார்த்துத்தான் ஏற்கும். ஆனால் இடம் விட அதிலேயே ஒரு வழி இருக்கு. நிரூபிக்காத இடத்தில் "சாரி"ன்னு டைப் பண்ணணும். ஆமாங்க, மன்னிப்பு கேட்கிற அதே சாரி! முன்பு காக் என்று அழைக்கப்பட்ட இன்னொரு ப்ரூவரில் இதற்கு "அட்மிட்டட்"ன்னு பேர்.

பெரிய தேற்றத்தை முதலில் நாலஞ்சு துணைத் தேற்றங்களாகப் பிரிச்சு, எல்லாத்துக்கும் சாரி போடுங்க. அவற்றிலிருந்து முடிவு வருதான்னு பாருங்க. வந்தால், ஒவ்வொரு சாரியாக எடுத்துட்டு நிரூபணத்தை எழுதலாம். வரலைன்னா, வீணா உழைக்காம தப்பிச்சீங்க.

சிக்கல் எங்கேன்னா, பொய்யான வாக்கியத்துக்கும் சாரி போடலாம். லீன் மஞ்சள் கோடு போட்டு எச்சரிக்கும், தடுக்காது. லீவுக்கு சேவுகம்பட்டி போயிருந்தப்போ நான் மாட்டினது இதில்தான். "ஒரு இயல் எண்ணில் ஒன்றைக் கழிச்சு மறுபடி ஒன்றைக் கூட்டினால் அதே எண் வரும்." இதுக்கெல்லாம் நிரூபணமான்னு சாரி போட்டுட்டு, அதன் மேலே மூணு நாள் கட்டினேன். லீனில் இயல் எண்களுக்குக் குறை எண் கிடையாது. பூஜ்யத்தில் ஒன்று போனால் பூஜ்யம்தான். கூட்டினால் ஒன்று. அதாவது பூஜ்யமும் ஒன்றும் சமம்னு நான் ஒத்துக்கிட்டேன்! அதை வெச்சு எதை வேணும்னாலும் நிரூபிக்கலாம். "எண் பூஜ்யம் இல்லை" என்ற நிபந்தனையைச் சேர்த்ததும் "ஒமேகா"ன்னு ஒரே சொல்லில் முடிஞ்சது. மேலே கட்டினதில் பாதி போச்சு.

நம்ம ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான்: மூவாயிரத்துக்கும் மேல் முடிவுகள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். புரூஸ் பெர்ன்ட் அவற்றுக்கு நிரூபணங்களைத் தொகுத்து 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். பெரும்பாலானவை சரி. ஆனால் 1913இல் ஹார்டிக்கு எழுதியவற்றில் பகா எண்கள் பற்றிய சூத்திரம் தப்பு. அவருக்கே அப்படின்னா நமக்கு?

அதனால் எளிதாகத் தெரியுற சாரியை முதலில் எடுங்க, சின்ன எண்களைப் போட்டுப் பாருங்க. கடைசியில் "பிரிண்ட் ஆக்சியம்ஸ்" கட்டளை கொடுங்க. எங்கேயோ ஆழத்தில் ஒரு சாரி ஒளிஞ்சிருந்தாலும் "சாரி ஆக்ஸ்"னு அந்தப் பட்டியலில் காட்டிக் கொடுத்துடும்.