கீலச்சை மறந்த திருத்தம்: பழைய பைனாகுலர் வாங்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்

ஜெனா நகரில் கார்ல் சைஸ் ஆலை தயாரித்த டெல்ட்ரின்டெம் 8×30 பைனாகுலர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டிய கதையை இளைஞர் எழுதியிருக்கும் கட்டுரை, திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது போன்ற அரிச்சுவடிக்குள் போகாமல் நேரே கருவியின் வயிற்றுக்குள் நுழைவதால், அதற்கான மறுமொழியும் அவ்வாறே நுழைவது முறையாகும். அக்கட்டுரையின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: இரண்டு படங்களும் தம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்வரை வலக்குழலின் பட்டகத்தைச் சற்று நகர்த்தியதாகவும், அத்துடன் வேலை முடிந்ததாகவும் இளைஞர் எழுதுகிறார். வேலை அங்கே முடியவில்லை, அங்கேதான் கெட்டது.

பைனாகுலரின் இரு குழல்களும் நடுவிலுள்ள ஒரு கீலில் மடிகின்றன; அந்தக் கீலின் நடுவே செல்வதாகக் கொள்ளப்படும் கோடு கீலச்சு எனவும், ஒவ்வொரு குழலிலும் ஒளி செல்லும் நடுக்கோடு ஒளியச்சு எனவும் பெயர் பெறும். இரு ஒளியச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் கீலச்சுக்கும் இணையாக இருந்தாக வேண்டும். அப்படி இருந்தால்தான் கண்ணிடைவெளி, அதாவது இரு கருவிழிகளுக்கும் இடையிலுள்ள தூரம், குறைந்தவர் கீலை மடக்கினாலும் அகன்றவர் விரித்தாலும் படம் ஒன்றாகவே நிற்கும். இளைஞர் செய்தது தம் கண்ணிடைவெளிக்கு மட்டும் பொருந்தும் சீரமைப்பு. அவருடைய தங்கை அதே கருவியை எடுத்துச் சற்று மடக்கிப் பார்த்தால், படங்கள் மெல்லப் பிரியும். கண்கள் உட்புறமாகத் திரும்பி அந்தப் பிரிவை ஓரளவு ஈடுசெய்யும் ஆற்றல் உடையவை என்றாலும், வெளிப்புறமாகவோ மேலும் கீழுமாகவோ விலகுவதில் அவற்றின் பொறுமை மிகக் குறைவு என்பதால், கால் மணி நேரத்தில் தலை வலிக்கத் தொடங்கும். காரணம் தெரியாமல், பழைய கருவி என்றால் இப்படித்தான் என்று அவர் அதை மூலையில் வைத்துவிடுவார். நல்ல கருவிகள் பல இப்படித்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

பட்டகத்தைத் தொட்டதில் இன்னொரு கேடும் உண்டு. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், தலைகீழான படத்தை நிமிர்த்துவதற்காக இரண்டு பட்டகங்கள் ஒன்றுக்கொன்று சரியாகச் செங்கோணத்தில் நிற்கின்றன. எர்ன்ஸ்ட் ஆபேயின் வடிவமைப்பில் சைஸ் நிறுவனம் 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பைனாகுலரின் உயிர்நாடி அதுவே. அப்பட்டகங்களுள் ஒன்று தன் இருக்கையில் சிறிது திரும்பினால், படம் அதைப்போல் இருமடங்கு சாய்கிறது. ஜெனாவின் கைவினைஞர்கள் இதற்காகவே ஒளியச்சைத் திருத்தும் பொறுப்பைப் பட்டகத்திடம் விடாமல், முன்புறத்திலுள்ள பொருளருகு வில்லையிடம் ஒப்படைத்தனர். அந்த வில்லை மையம் விலகிய ஒரு வளையத்துக்குள்ளும், அவ்வளையம் மையம் விலகிய இன்னொரு வளையத்துக்குள்ளும் அமர்ந்திருப்பதால், இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினால் வில்லையின் மையத்தை ஒரு சிறு வட்டத்துக்குள் எந்தப் புள்ளிக்கும் கொண்டுசெல்லலாம். இவ்வளவு அழகான ஏற்பாட்டை இளைஞர் துடைத்துவிட்டு, ஒருமுறைகூடத் திருப்பாமல் மூடியிருக்கிறார்.

சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும் முன், அங்கே வரும் பைனாகுலர்களைச் சோதித்துத் தரும் முதியவர் ஒருவர் இருந்தார். இக்கடிதத்தை எழுதுபவர் அவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். பக்கத்திலிருந்த சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மணிக்கூண்டை வாங்க வந்தவர் ஒருமுறை பார்ப்பார். பிறகு அவருடன் வந்த சிறுவனை அழைத்து, கீலை மடக்கிக் கொடுத்து, முள் ஒன்றாகத் தெரிகிறதா இரண்டாகத் தெரிகிறதா என்று முதியவர் கேட்பார். சிறுவன் இரண்டு என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விற்க விடமாட்டார். பட்டறையில் அவர் ஒரு குழலை மரச்சட்டத்தில் இறுகப் பிணைத்து, மற்றக் குழலைக் கீலில் மெல்லச் சுழற்றி, அதன் பின்னால் அசையாமல் நிறுத்திய குறுக்குக்கம்பித் தொலைநோக்கி வழியே பார்ப்பார். ஒளியச்சு கீலச்சுக்கு இணையாக இல்லையென்றால் படம் வில்போல் வளைந்து நகரும், இணையாகிவிட்டால் அசையாது நிற்கும். அந்த நிலையை எட்டும்வரை அவர் சாப்பிட எழுந்ததில்லை.

இரண்டாவது குறை சிறியதானாலும் அதைவிட அதிகம் வருந்தச் செய்வது. பொருளருகு வில்லையின் உட்புறத்தில் படர்ந்த பூஞ்சைத் தடத்தை இளைஞர் பற்பசையால் தேய்த்திருக்கிறார். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இத்தகைய கருவியில் ஏறத்தாழ பத்துப் பரப்புகள் இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணை எட்டுவதில்லை. அந்த இழப்பைக் குறைக்க 1935இல் ஜெனாவில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டதே எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. கருவியின் மேல் பொறித்திருக்கும் ‘டி’ எழுத்து அதன் அடையாளம். அப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. பற்பசையின் தேய்துகள் பூஞ்சையோடு அதையும் எடுத்துவிட்டது. ஒரே பரப்பில் ஏற்பட்ட ஒளி இழப்பு அற்பம் எனலாம். ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியை அரித்த தடம் எந்தத் தேய்ப்பாலும் போகாது, அதை அப்படியே விட்டிருந்தால் பார்வைக்கு இடையூறே இருந்திராது. ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் ஒருமுறை ஒற்றி எடுப்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இவ்வளவு கடிந்த பிறகும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: வாங்கும் இடத்தில் இளைஞர் நடந்துகொண்ட முறை அபாரமானது. கண்ணருகு வில்லை வழியாகப் பார்த்து மயங்காமல், கருவியைத் திருப்பி முன்புறத்திலிருந்து கைவிளக்கு பாய்ச்சி, பட்டகத்தின் விளிம்பில் படிந்த மங்கலையும், ஒட்டிய இரு வில்லைகளுக்கு இடையே கனடா பால்சம் என்னும் மரப்பிசின் விலகியதைக் காட்டும் வானவில் நிறத்தையும் தேடிய அந்தப் பத்தியை, வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யலாம். பட்டகங்களைத் தூக்கும் முன் ஒவ்வொன்றின் இருக்கையிலும் பென்சிலால் கோடிட்ட பொறுமை, வாழ்நாள் முழுதும் இத்தொழில் செய்தவர்கள் பலரிடமும் காணக் கிடைக்காதது.

அந்தக் கோடுகள் இருப்பதால்தான் இன்னும் வழி இருக்கிறது. இளைஞர் கருவியை மீண்டும் திறந்து, பட்டகத்தைப் பழைய கோட்டுக்கே கொண்டுவந்து பூட்டி, வளையங்களைத் திருப்பி ஒளியச்சைக் கீலச்சுக்கு இணையாக்க வேண்டும். அதுவரை கருவியை அதன் தோல் உறைக்குள் வைக்கலாகாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சையை வளர்ப்பது அந்த உறைதான் என்பதால், அதைத் தனியே காயவைத்து, கருவியைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. கட்டுரையின் அடுத்த பகுதியில் கீலை 56 மில்லிமீட்டர், 72 மில்லிமீட்டர் கண்ணிடைவெளிகளில் நிறுத்திச் சோதித்த முடிவுகள் இரண்டும் இடம்பெற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.