இல்லத்தே பயிலும் சிறார்க்குத் தோழர் யாவர்?

பள்ளிக்கூடம் செல்லாது தாய்தந்தையரிடத்தே இல்லத்திற் பயிலும் சிறார், பிறரோடு கூடிவாழும் திறமின்றித் தனித்துப்போவர் என்பது பலரும் கூறும் குறை. அச்சிறாரைப் பயிற்றும் பெற்றோரோ, ‘எம் மக்கட்குத் திருச்சபையிலே தோழர் உளர், ஞாயிறு பள்ளியில் உளர், சுற்றத்திலும் உளர்’ என விடையிறுப்பர். இருதிறத்தாரும் தோழர் உண்டோ இல்லையோ என்று வழக்கிடுகின்றனரேயன்றி, அத்தோழர் யாவர் என்று வினவுவார் அரியர். அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் வானம் பார்த்த கரிசற்சீமையில் நின்று நோக்குவார்க்கு இவ்வினாவே தலைமையானதெனப் புலப்படும். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இல்லக்கல்வி கிறித்தவர்க்குப் புதியதன்று. வீட்டிலிருக்கும்போதும் வழிநடக்கும்போதும் பிள்ளைகட்கு வேதத்தைக் கற்பிக்குமாறு உபாகமம் பணிக்கின்றது. தீமோத்தேயு தன் பாட்டி லோவிசாளிடத்தும் தாய் ஐனிக்கேயாளிடத்தும் இருந்த விசுவாசத்திற்கு உரியவனாயினன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் ஊரிலே, குருவின் மனைவியாராகிய சூசன்னா வெஸ்லி தம் மக்களை நாடோறும் ஆறு மணி நேரம் இல்லத்தே பயிற்றிய செய்தியும் பலர் அறிந்ததே. 1709-இல் அவர் இல்லம் எரிந்தொழியவே, பிள்ளைகள் பல வீடுகளிற் பிரிந்துறைய நேர்ந்தது. வேலைக்காரரோடும் அயலாரோடும் தடையின்றிப் பழகியதால் அவர்தம் பேச்சும் நடையும் கெட்டன என்று அவ்வம்மையார் பிற்காலத்தே எழுதினார். தாய்மார்க்கு இயல்பாகிய அவ்வச்சத்தை யாம் எள்ளேம். ஆயினும், அவர் மகனாராகிய ஜான் வெஸ்லி 1739-இல் கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளரிடையே வெட்டவெளியில் நின்று உரையாற்றத் தொடங்கியபொழுது, தாயார் அஞ்சிய அவ்வெளிய பேச்சினரே அவர்க்குச் செவிசாய்க்கும் கூட்டத்தாராயினர் என்பதும் நினைக்கற்பாலது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980-ஆம் ஆண்டினையடுத்துக் கிறித்தவக் குடும்பங்கள் பல இந்நெறியை மேற்கொண்டன. 1993-க்குள் ஆங்குள்ள மாநிலங்கள் அனைத்திலும் அது சட்டத்திற்கு உடன்பாடாயிற்று. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளார்க்குப் பள்ளிக்கல்வியை உரிமையாக்கியதேயன்றி, இல்லக்கல்வியைப் பெயர் சுட்டி ஏற்கவுமில்லை. அதனை மேற்கொள்ளும் பெற்றோர்க்குத் தண்டம் விதிக்கவுமில்லை. திறந்தநிலைப் பள்ளித் தேர்வெழுதி மேற்படிப்பிற்குச் செல்லும் வாயில் உண்டாதலின், நகரத்துக் கிறித்தவப் பெற்றோருள்ளும் சிலர் இதற்குத் துணிகின்றனர்.

இனி நம் சீமைக்கு வருவோம். 1834-இல் மதுரையிலே தொடங்கிய அமெரிக்க மிஷன், பின்னர்த் திருச்சுழியை அடுத்த மண்டபசாலையிலும் அருப்புக்கோட்டையிலும் நிலையங்கள் கண்டது. கண்மாய் வற்றிக் குண்டாறு மணலாய்க் கிடக்கும் கோடையிலே, அயல்நாட்டுக் குருமார்தம் பிள்ளைகள் பங்களாவின் சுற்றுமதிலுக்குள் தாயாரிடம் எழுத்தும் எண்ணும் பயின்றனர். இந்நாட்டு இல்லக்கல்விக்கு இவர்களே பழைய எடுத்துக்காட்டாவர். தாயார் கற்பித்தது ஆங்கிலம். ஆயாவும் சமையற்காரர் மக்களும் கற்பித்தது தமிழ். ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகள் நடந்தன எனலாம்! ஆனால் நட்பு வேரூன்றும் பருவம் வந்தவுடன், பிள்ளைகள் கடல்கடந்து தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். பெற்றோரைப் பல்லாண்டு காணாதிருந்தாரும் உளர். அத்துயரைத் தணித்தற்பொருட்டே 1901-இல் கோடைக்கானலில் மிஷனரிமார் பிள்ளைகட்கெனத் தனிப்பள்ளி திறக்கப்பட்டது. அதனால் தனிமை நீங்கிற்று; தம்மைப் போன்ற சிறார் தோழராய்க் கிடைத்தனர். ஆனால் சமையற்காரர் மகனோ, மண்டபசாலையிலேயே நின்றுவிட்டான். பள்ளி சென்றமையாலும் அச்சிறார் இந்நாட்டாரோடு கலந்தாரல்லர். ஆகலின் இல்லமா பள்ளியா என்னும் பிரிவினையொன்றே இவ்வழக்கினைத் தீர்க்க வல்லதன்று என்பது பெறப்படும்.

தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் இச்சிக்கல் வேறோர் உருக்கொள்கின்றது. இங்கு மதில் கல்லாலாயதன்று. அருப்புக்கோட்டையார்க்கு ‘உறவின்முறை’ என்பது நன்கு பழகிய சொல். நாடார் குலத்து வணிகர் மகமை தண்டிப் பொதுக்காரியங்களையும் பள்ளிகளையும் நடத்தும் அமைப்பிற்கு அதுவே பெயர். நம் தமிழ் வேதாகமத்திலும் அச்சொல் ஓரிடத்தே வந்துள்ளது. பன்னிரண்டு வயதினராகிய இயேசுவைக் காணாத பெற்றோர், அவர் வழிச்செல்லும் கூட்டத்தில் இருப்பார் எனக் கருதி ஒருநாள் வழி நடந்து, உறவின்முறையாரிடத்திலே தேடியதாக லூக்கா கூறுகின்றார். பிள்ளையோ அங்கில்லை, முன்பின் அறியாத போதகர் நடுவே வினவிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தனர். இப்பகுதியை வாசிக்குந்தோறும், நம் பெற்றோரும் பிள்ளைகட்குத் தோழரை உறவின்முறைக்குள்ளேயே தேடுகின்றனரே என்னும் எண்ணம் எமக்குத் தோன்றாமற் போவதில்லை.

திருச்சபையிலே தோழர் உளர் என்னும் விடையை அவ்வாறே ஏற்றற்கு இயலாமையும் இதனாலேயாம். பல ஊர்களிற் சபையே சாதிவழி நிற்றலை யாரே மறைக்கவல்லார்? 1847-இல் மதுரை மிஷனார் தம் ஊழியர் அனைவரும் சாதி பாராது ஒருங்கமர்ந்து அன்பின் விருந்து உண்ணல் வேண்டுமென வற்புறுத்தியபொழுது, உண்ண இசையாது ஊழியத்தை விட்டு நீங்கினார் பலர். வேதத்தைக் கற்றவரும் கற்பித்தவருமே அவர். ஒரு பந்தியில் அமர்தல், நூலினால் மட்டும் வாராத கல்வி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பள்ளி அக்கல்வியைத் தந்ததுண்டா எனின், தந்ததுண்டு. அருகிலுள்ள விருதுநகரில், வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியின் துணையால் வளர்ந்த க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-இல் தோன்றியது. ஒரு குலத்தார் பொருளால் நடப்பினும் எல்லாச் சாதியார்க்கும் மதத்தார்க்கும் அது வாயில் திறந்தது. ஆங்குப் பயின்ற காமராசர் முதலமைச்சராயிருந்து 1956-இல் நண்பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசி தீர்த்தற்கென வந்த அவ்வுணவு, சிறாரை ஒரே வரிசையில் அமர்த்தும் பணியையும் உடன் செய்தது. திருச்சுழியிலே 1879-இல் அந்தணர் குடியிற் பிறந்து, பின்னர் இரமண மகரிஷி எனப் பெயர்பெற்ற வேங்கடராமன் மதுரை சென்று பயின்றதும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலேயாம்.

ஆயினும் பள்ளியை வானளாவப் புகழ்தற்கும் இடமில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியிலே, ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர், அவனோடு ஒரே பள்ளியிற் பயின்ற மாணாக்கரே. அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கையில், மாணாக்கர் கையிற் கட்டும் வண்ணக் கயிறுகளை விலக்குமாறு பரிந்துரைத்தது. ஒரே பலகையில் அமர்ந்தவரும் கயிற்றினாற் பிரிந்து நின்றனர். இதனைக் காட்டி, ‘இத்தகைய பள்ளிக்கோ எம் மகனை அனுப்புவது?’ என்று ஒரு தாய் வினவின், அவரை எளிதில் மறுத்தல் இயலாது. ஆனால் அப்பள்ளியின் நோய் எந்த வீடுகளினின்று வந்ததென யாமும் வினவலாமன்றோ?

இடைவழி ஒன்று உண்டு. பெருந்தொற்றினாற் பள்ளிகள் அடைபட்டிருந்த காலத்தை அடுத்து, 2021-இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாலைவேளைகளிலே தெருச்சிறாரை ஒரு குழுவாகத் திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்த்தித் தன்னார்வலர் கற்பித்தனர். கற்றல் வீட்டருகே நடந்தது. ஆனால் ஒரு வீட்டார்க்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. இல்லத்தே மக்களைப் பயிற்றக் கருதும் கிறித்தவர் கண்டுகொள்ளத்தக்க முறை இது. தம் பாயிலே இன்னும் நான்கு பிள்ளைகட்கு இடமிடுதல் அரிதன்று. அந்நால்வரும் உறவினராயும் ஒரே சபையினராயும் அமையாதிருத்தலே அரிது. நெசவாளர் பிள்ளை வரலாம். ஆட்டுக்கிடை போடுவார் பிள்ளை வரலாம். பிறமதத்துப் பிள்ளையும் வரலாம். அவர் வீட்டில் நம் பிள்ளை உண்ணவும் நேரலாம். அதற்கு இசையாத பெற்றோர், அஞ்சுவது எதனை என்று தம்மைத்தாமே வினவிக்கொள்வாராக.

இவை யாதும் இன்றி வளரும் சிறுவன், பதினான்கு வயது நிறைந்தபின் திறந்தநிலைப் பள்ளித் தேர்வெழுதச் செல்வான். பெயரும் குலமும் அறியாத பிறர் மக்களருகே அவன் முதன்முதலாக அமர்வது அத்தேர்வுக்கூடத்திலேயாகும். ஆங்கோ, ஒருவரோடொருவர் பேசுதல் கூடாது.