ஆடு குட்டி போட்டதா என்று கேளுங்கள்

போஸ்னியாவின் சரயேவோ நகரத்தின் முற்றுகை 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை நீண்டது. சுற்றியிருந்த மலைகளில் துப்பாக்கிகள் குறிபார்த்துக் கிடந்தன. குடத்தோடு தண்ணீருக்குப் போகிறவர்கள் உயிரோடு திரும்புவார்களா என்பது நிச்சயமில்லை. அந்த ஊர்ப் பெண்களிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று, போரில் சிக்கிய பெண்களுக்கு உதவிவந்த ஸைனப் சல்பி கேட்டார். லிப்ஸ்டிக் என்றார்கள். தினமும் அதைப் பூசிக்கொண்டுதான் வெளியே இறங்குகிறோம், சுடுகிறவன் தான் ஓர் அழகியைக் கொல்கிறோம் என்று தெரிந்தே சுடட்டும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். சல்பி இதை மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

போரில் எல்லாவற்றையும் இழந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுத உட்காருகிற எவரும் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. அவருக்கு என்ன முக்கியம் என்பதை நாம் ஊகிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

சல்பி பாக்தாத்தில் பிறந்தவர். தந்தை சதாம் உசேனின் விமானி. அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த சல்பி, போஸ்னியாவில் பெண்களை அடைத்துவைத்து வன்கொடுமை செய்யும் முகாம்களைப் பற்றிப் படித்துவிட்டு, கணவர் அம்ஜத் அத்தல்லாவோடு சேர்ந்து 1993-ல் வாஷிங்டனில் தொடங்கியதுதான் 'விமன் ஃபார் விமன் இன்டர்நேஷனல்'. ஏற்பாடு எளிமையானது. ஒரு நாட்டில் இருக்கும் பெண் இன்னொரு நாட்டில் இருக்கும் பெண்ணுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்ப வேண்டும், கூடவே கடிதமும் எழுத வேண்டும். போஸ்னியாவில் தொடங்கியது பிறகு ருவாண்டா, கொசோவோ, நைஜீரியா, ஆப்கானிஸ்தான், இராக், காங்கோ, தென் சூடான் என்று பரவியது.  இப்படி ஸ்பான்சர்கள் அனுப்பும் பணத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து பெண்கள் கொண்ட குழுக்களுக்கு ஓராண்டு வகுப்பு நடக்கிறது. கணக்கு, உடல்நலம், சட்ட உரிமை, சேமிப்பு, ஒரு கைத்தொழில் எல்லாம் அதில் அடக்கம்.

ஸ்பான்சர் கடிதம் என்ற வழக்கமே இதைவிடப் பழையது. அதன் தொடக்கத்திலும் ஒரு கடிதம்தான் இருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஒரு தந்தை தன் சிறு மகனிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பினார். சான்டான்டர் நகரம் விழுந்ததும் என்னைச் சுட்டுவிடுவார்கள், யார் கையில் இவன் கிடைத்தாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சிறுவனைச் சந்தித்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர் ஜான் லேங்டன் டேவிஸ், 1937-ல் எரிக் மகரிட்ஜுடன் சேர்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ப்புப் பெற்றோர் என்ற திட்டத்தை உருவாக்கினார். இன்றைய 'பிளான் இன்டர்நேஷனல்' அதிலிருந்து வந்தது. பணம் மட்டும் போனால் போதாது, பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே கடிதம் போய்வர வேண்டும் என்பது அன்றே வகுத்த முறை.

ஸ்பான்சராக நான் எழுதியது ருவாண்டாவின் கிழக்குப் பகுதியில் வாழும் ஒரு பெண்ணுக்கு. அந்த நாட்டைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது 1994-ன் இனப்படுகொலை மட்டும்தான். ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள், நூறு நாட்களில், எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கிட்டது. ஆகவே ஸ்பான்சர்களின் பேனா தானாகவே அந்தப் பக்கம் போகிறது. அப்போது எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று கேட்கத் துடிக்கிறது. அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் கேட்கக் கூடாது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, அந்தக் கடிதம் போகிற வழியைப் பார்க்க வேண்டும். நாம் எழுதியது நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், மற்றக் கடிதங்களோடு கட்டாகத் தலைநகர் கிகாலிக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதை அந்நாட்டு மொழியான கின்யர்வாண்டாவில் மொழிபெயர்க்கிறார். வகுப்பு நடக்கும் நாளில் அது கைக்கு வருகிறது. எழுத்து தெரியாதவர் என்றால் களப்பணியாளரோ பக்கத்தில் இருப்பவரோ வாசித்துக் காட்டுகிறார். பதிலையும் சொல்லச் சொல்ல இன்னொருவர்தான் எழுதுகிறார். ஒரே குன்றின் சரிவில், கணவனைப் பறிகொடுத்தவரும், கொலைக்குற்றத்தில் சிறை போய்த் திரும்பியவரின் மனைவியும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவும் கூடும். அந்தக் கொலைகளை விசாரித்து 2012 வரை நடந்த 'கச்சாச்சா' ஊர் நீதிமன்றங்களில் இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் எதிரெதிரே நின்று பார்த்தவர்கள். நாம் தனிமையில் எழுதும் கேள்வியை அவர் அத்தனை பேர் நடுவில் கேட்க நேரிடும். தானாகச் சொன்னால் மதிப்போடு பதில் எழுதலாம். துருவக் கூடாது.

வேறு என்ன கேட்பது? ஆட்டைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை ஆடு, எது குட்டி போட்டது, தீவனம் எங்கே வெட்டுகிறீர்கள்? மழை பெய்ததா, பீன்ஸ் விதைத்தாயிற்றா, வாழை எப்படி வந்திருக்கிறது? என் கடிதங்களில் உயிர் வந்தது இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு வந்த பதில்கள் நலம், நலமறிய ஆவல் என்ற அளவில் நின்றன. ஆடு உள்ளே வந்ததும் அவர் விரிவாகச் சொல்லத் தொடங்கினார். இந்த விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதே! உதவி பெறுகிற இடத்தில் இருந்தவர் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டார்.

சேமிப்புப் பெட்டியைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான். 1991-ல் நைஜர் நாட்டுக் கிராமங்களில் 'கேர்' அமைப்பு தொடங்கிவைத்த முறை இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. பெண்கள் கூடி வாரந்தோறும் சிறு தொகையை ஓர் இரும்புப் பெட்டியில் போடுகிறார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவிகளும் மூன்று வேறு பெண்களிடம். எல்லாரும் கூடியிருக்கும்போதுதான் பெட்டி திறக்கும். அதிலிருந்து கடன் எடுத்து என்ன செய்தார், திருப்பிக் கட்டிவிட்டாரா என்று கேட்டால் பெருமையோடு பதில் வரும். நிலத்தைப் பற்றியும் கேட்கலாம். ருவாண்டாவில் மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சம உரிமை என்ற சட்டம் 1999-ல்தான் வந்தது. அதை வகுப்பில் தெரிந்துகொண்ட பிறகு, தன் பங்கைச் சகோதரரிடம் கேட்டதாக அவர் எழுதியிருந்த வரிகளை நான் பலமுறை படித்தேன். கேட்டது கிடைத்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதச் சொன்னேன்.

எழுதுகிற முறையில் சில விஷயங்கள். வாக்கியம் சிறியதாக இருக்கட்டும், பழமொழி வேண்டாம், வேடிக்கையாக எழுதுவதும் மொழிபெயர்ப்பில் விபரீதமாகும். போய்ச் சேரவே மாதங்கள் ஆகும் என்பதால் தேதியையும், உங்கள் ஊரில் அப்போது என்ன பருவம் என்பதையும் எழுதுங்கள். ருவாண்டாவில் பெருமழை மார்ச் முதல் மே வரை. மே மாதத்தில் மழையைப் பற்றிக் கேட்டால் கடிதம் போய்ச் சேரும்போது நிலம் காய்ந்து கிடக்கும். எந்த மாதத்தில் கேட்டோம் என்று தெரிந்தால் அவர் அதற்கேற்பப் பதில் சொல்வார்.

படம் அனுப்புங்கள். கார், சுற்றுலா, பளபளக்கும் வீடு இவை வேண்டாம். என் அம்மா கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த பதில்களில் முதல் விசாரிப்பு அம்மாவுக்குத்தான்.

பொருளோ தனியாகப் பணமோ அனுப்பக் கூடாது என்று நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. இது கல்நெஞ்சம் என்று தோன்றும். இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவருக்கு மட்டும் பார்சல் வந்தால் மற்ற இருபத்து நான்கு பேருக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் விதியின் நியாயம் விளங்கும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு உதவி கேட்டு ஒரு வரி வந்தால் அதைப் பார்க்காததுபோல் கடந்துவிடாதீர்கள். என்னால் தனியாக அனுப்ப இயலாது என்று நேராக எழுதிவிட்டு, பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்கலாம். கேட்டதைக் காதில் வாங்கினோம் என்பதாவது தெரியட்டும்.

பதில் வராமலும் போகலாம். நெடுந்தூரம் நடந்து வகுப்புக்கு வருகிறவர், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், விதைப்பு நேரம் என்று எத்தனையோ இருக்கும். வருகிற பதிலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கக்கூடும். சந்தேகப்படுவதில் தவறில்லை. 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் தன் ஆட்களையே குழந்தைகளுக்கு ஸ்பான்சராக்கி, நேரில் போய்ப் பார்த்து, கண்டதை 1998-ல் தொடராக வெளியிட்டது. மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்து நெடுநாள் ஆன பிறகும் ஸ்பான்சரிடம் பணம் வாங்கப்பட்டு வந்தது தெரியவந்தது. அந்தத் தொடர் பெரும் அதிர்ச்சியைக் கிளப்பியது. எனவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படியுங்கள், உங்கள் கேள்விக்கு அலுவலகம் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். கணக்குக் கேட்க வேண்டிய இடம் அலுவலகம். பின்னால் வரிசையில் பலர் காத்திருக்க, அவசரமாக நான்கு வரி சொல்லிவிட்டுப் போன பெண்ணிடம் நன்றி போதவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை.

நாட்டின் நிலைமை மாறினால் கடிதம் நின்றுவிடும். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கையில் விழுந்தபோது, வெளிநாட்டுத் தொடர்பைக் காட்டும் காகிதங்களைப் பலர் பயத்தில் எரித்தார்கள். 2025 பிப்ரவரியில் கிழக்குக் காங்கோவின் புக்காவு நகரத்தை எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எழுதிக் குவிக்காதீர்கள். உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும் தாளே அவருக்கு ஆபத்தாகலாம். அலுவலகம் எழுதலாம் என்று சொல்லும்வரை பொறுத்திருப்பதுதான் அப்போது செய்யக்கூடிய உதவி.

ஓராண்டு முடிந்ததும் வகுப்போடு கடிதமும் முடிகிறது. இதுதான் கடைசிக் கடிதம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திடீரென்று நின்றுபோனால், தான் ஏதோ தவறாக எழுதிவிட்டோமோ என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வார். அவர் எழுதியவற்றில் உங்களுக்கு நினைவிருப்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: மகளின் பரீட்சை, பெட்டியிலிருந்து எடுத்த கடன், கேட்டு வாங்கிய நிலம்.

பிறகு நிறுவனம் இன்னொரு பெண்ணின் விவரத்தை அனுப்பும். பழைய கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்ப வேண்டாம். வரைபடத்தை எடுத்து அவர் ஊரைத் தேடுங்கள். கிவு ஏரிக் கரையென்றால் சம்பாசா என்ற பொடிமீன் சந்தைக்கு வரும், அதை எப்படிச் சமைப்பார் என்று கேட்கலாம். தென் சூடான் என்றால் மாட்டைப் பற்றிக் கேட்கலாம், சோளத்தைப் பற்றிக் கேட்கலாம். எந்த ஊரானாலும் காலையில் எழுந்ததும் முதலில் என்ன வேலை என்று கேட்கலாம். உங்கள் வீட்டில் என்ன வேலை என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். அவரும் கேட்பார்.